ஜீயஸ் வீட்டுக் கொல்லைப்புறம்

கடவுளர் தலைவன் ஜீயஸுக்கு அமுதம் சுமந்து வந்தவை புறாக்கள் என்று ‘ஒடிசி’யில் எழுதி வைத்துவிட்டுப் போனார் ஹோமர். இருக்கட்டும். இன்றைக்கு அதே ஒலிம்பஸ் மலைக்கு உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் கேஸ் சிலிண்டரும் சுமந்து வருவது யார் தெரியுமா? கோவேறு கழுதைகள்! மூச்சிரைத்து ஓரமாக நிற்கும் நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், கழுத்துமணி குலுங்க வரிசை கட்டித் தாண்டிப் போகும் பாருங்கள் ஒரு நடை... கடவுள் வீட்டு வேலைக்காரர்களுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி!

கிரேக்கத்தின் மிக உயரமான மலை ஒலிம்பஸ். அதன் உச்சியான மிட்டிகாஸ் 2,917 மீட்டர். கடற்கரையிலிருந்து உச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய தூரத்துக்குள் மலை பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. ஏதென்ஸிலிருந்து தெசலோனிக்கி போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இதன் காலடியில்தான் ஓடுகின்றன. ‘அதோ, ஜீயஸ் வீடு!’ என்று ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அது வாசல் தரிசனம். நாம் போகப்போவது கொல்லைப்புறமாக. அடுக்களை, கூடம், தோட்டம், மொட்டைமாடி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், வாங்க!

போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒலிம்பிக் போட்டிகள் பிறந்த ஒலிம்பியா இங்கே இல்லை. அது வெகுதூரம் தெற்கே, பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கும் இந்த மலைக்கும் பொதுவான ஒரே ஆள் ஜீயஸ். ஓட்டப்பந்தயத்துக்கு ஓரிடம், குடியிருக்க ஓரிடம். பெரிய இடத்து விவகாரம்!

மலையடிவாரத்தில் மாலுமிகள்

அடிவார ஊரின் பெயர் லிட்டோகோரோ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். மலையேறிகளின் ஊர் என்று நினைத்துக்கொண்டு பேருந்தை விட்டு இறங்கினால், முதல் வேடிக்கை அங்கேயே ஆரம்பித்துவிடும். இந்த ஊரில் இருப்பது கடல்சார் அருங்காட்சியகம்! ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குப் போனவர்கள். பின்னால் கடவுளர்களின் மலை, முன்னால் ஏஜியன் கடல். சம்பாத்தியத்துக்கு அவர்கள் பார்த்தது முன்பக்கம். பின்பக்கம் ஏறியவர்கள் வேட்டைக்காரர்களும் மரம்வெட்டிகளும் மேய்ப்பர்களும்தான்.

ஊரை ஒட்டியே எனிப்பியாஸ் பள்ளத்தாக்கு பிளந்துகொண்டு உள்ளே போகிறது. ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் இ4 நெடுநடைப் பாதையின் ஒரு துண்டு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. மரப்பாலங்கள், பச்சையும் நீலமுமாகத் தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த மடுக்கள், பீச் மரக் காடு என்று ஏறியும் இறங்கியும் போகிற பாதை. நடுவில் புனித டியோனிசியோஸ் மடத்தின் இடிபாடுகள். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த மடத்தை, எதிர்ப்புப் போராளிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தில், 1943இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. துறவிகள் பிறகு கீழே புதிய மடம் கட்டிக்கொண்டார்கள். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்தும் வேலையும் நடந்துவருகிறது.

பள்ளத்தாக்கில் நடக்க ஒரு நாளின் பெரும்பகுதி வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு 18 கிலோமீட்டர் வண்டிப்பாதை இருக்கிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: பிரியோனியா.

கொல்லைக் கதவு

பிரியோனியா 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே மரம் அறுக்கும் பட்டறை இருந்தது. இப்போது ஓர் உணவகம், வண்டி நிறுத்தும் இடம், ஓர் ஊற்று. அவ்வளவுதான்! உலகப் புகழ்பெற்ற மாளிகையின் பின்வாசல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த ஊற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இதற்கு மேலே முதல் மலைவிடுதி வரைக்கும் நம்பித் தண்ணீர் பிடிக்க வேறு இடம் கிடையாது. இத்தனை பனி விழுகிற மலையில் தண்ணீருக்குப் பஞ்சமா? காரணம் காலுக்கடியில் இருக்கிறது. மலை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழையையும் பனி உருகிய நீரையும் விரிசல் வழியாக மடக் மடக்கென்று குடித்துவிட்டு, எங்கோ கீழே ஊற்றாக விடும். மேலே நிற்பவருக்குத் தாகம், அடிவாரத்துக்குக் கொண்டாட்டம்.

இந்தப் பாறைக்குள் இன்னொரு கூத்து இருக்கிறது. கடவுளர்கள் வானத்திலிருந்து கட்டிய வீடு என்று நாம் நினைக்கும் இந்தக் கல் முழுக்கப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலுக்கு அடியில் படிந்தது! பிறகு நிலத்தட்டுகள் மோதியதில், அதைவிட வயதான பாறைகள் வந்து இதன் தலைமேல் ஏறிப் படுத்துக்கொண்டன. தாத்தா மேலே, பேரன் கீழே. மலை உயர உயர மேலே கிடந்த தாத்தாப் பாறை அரித்துப் போனது. பேரன் தலையை நீட்டிவிட்டான். நாம் ஏறுவது அந்தப் பேரன் மேல்தான்.

இனி வண்டி கிடையாது. சாலை இங்கேயே முடிகிறது. மேலே இருக்கும் விடுதிகளுக்கு வேண்டிய அரிசி, மாவு, காய்கறி, வெங்காயம், எரிவாயு, சோப்பு, காப்பித்தூள் எல்லாம் இறக்கி, எடை பார்த்து, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றுவது இங்கேதான். ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் சேணம் சரியும். சேணம் சரிந்தால் முட்டை கதை முடிந்தது! கட்டுகிறவரின் கையில்தான் மேலே நாளைக்கு ஆம்லெட் உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

இறங்கும்போதும் முதுகு சும்மா இருப்பதில்லை. விடுதியில் சேர்ந்த குப்பை கீழே வருவது இதே முதுகில்தான். கால் பிசகியவர்கள் கழுதையேறி இறங்குவதும் உண்டு. மேலே போகும்போது கடவுள் வீட்டு விருந்தாளி, இறங்கும்போது கழுதைச் சுமை. மலை யாரையும் அடக்கிவிடும்!

ஒரு முக்கியமான மரியாதை. மணிச்சத்தம் கேட்டதும் பாதையில் மலைச்சுவர் இருக்கும் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். சரிவுப் பக்கம் நின்றால், அகலமான மூட்டையோடு வருகிற கழுதை தெரியாமல் உரசினாலும் நீங்கள்தான் உருள்வீர்கள்.

அடுக்களையில் என்ன வாசனை?

பிரியோனியாவிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேர ஏற்றம். முதலில் பீச் மரங்கள், பிறகு பைன். வளைந்து வளைந்து ஏறிக் கால் கெஞ்சத் தொடங்கும்போது, தலைக்கு மேலே கல்லும் மரமுமாக ஒரு கட்டடம் எட்டிப் பார்க்கும். அதுதான் ஸ்பிலியோஸ் அகாபிட்டோஸ் மலைவிடுதி. உயரம் 2,100 மீட்டர். கட்டிய ஆண்டு 1930. நூறு பேருக்கு மேல் படுக்கலாம். இந்த மலையிலேயே பெரிய விடுதி. கோஸ்டாஸ் ஸோலோடாஸ் என்ற புகழ்பெற்ற மலையேறி பல பத்தாண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டார். ஒலிம்பஸுக்கு வந்த மலையேறிகளில் அவர் கையால் சூப் குடிக்காதவர்கள் குறைவு.

உள்ளே நுழைந்ததும் முதல் சட்டம்: ஷூவைக் கழற்று! நம் ஊர் வீட்டில் நுழைந்த மாதிரியே இருக்கும். சேறு படிந்த ஷூக்கள் வரிசை வரிசையாக ஓரமாக நிற்க, எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கூடத்தில் உலாவுவார்கள். காலையில் சிகரத்தில் வீரம் காட்டியவர், மாலையில் அளவு பொருந்தாத செருப்பில் தத்தக்கா பித்தக்கா நடப்பதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

அடுப்பைப் பார்ப்போமா? பெரிய பானையில் வெள்ளை பீன்ஸ் சூப் கொதிக்கிறது. கிரேக்கர்கள் தங்கள் தேசிய உணவென்றே கொண்டாடும் ஃபசோலாடா: பீன்ஸ், கேரட், செலரி, தக்காளி, தாராளமாக ஆலிவ் எண்ணெய். பக்கத்து அடுப்பில் கொத்துக்கறிக் குழம்போடு பாஸ்தா. ஏன் எந்த மலைவிடுதிக்குப் போனாலும் பருப்பும் பீன்ஸும் பாஸ்தாவும்தான்? யோசித்துப் பாருங்கள். உலர்ந்த சாமான் கெடாது, நசுங்காது, எடைக்கு எடை வயிற்றை நிரப்பும். மெனுவை முடிவு செய்வது சமையல்காரர் மட்டும் என்று நினைத்தீர்களா? பாதி முடிவு கழுதையினுடையது!

சாப்பாட்டுக்குப் பிறகு மலைத் தேநீர். தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாறைச் சரிவில் வளரும் சைடரைட்டிஸ் என்ற செடியின் பூந்தண்டைக் காயவைத்துக் கொதிக்கவிடுகிறார்கள். தேன் கலந்து, இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால்... ஜூலை மாதத்தில் குளிர் காய்கிற அதிசயம்! கீழே கடற்கரையில் அதே நேரம் வெயிலில் உடம்பு கருகிக்கொண்டிருக்கும்.

இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். அடுக்குக் கட்டில்கள். பல நாட்டுக் குறட்டைகள். யாரோ ஒருவர் பையில் பிளாஸ்டிக் உறையைச் சரசரக்கவைத்துக்கொண்டே இருப்பார். அந்த ஒருவர் இல்லாத மலைவிடுதி உலகில் எங்கேயும் இல்லை.

மேகக் கதவைத் திறப்பது யார்?

விடியும் முன்பே அடுக்களையில் பாத்திரம் உருள ஆரம்பித்துவிடுகிறது. ஏன் இந்த அவசரம்? மலை தன் சிறப்புக் காட்சியை மதியத்துக்கு மேல் வைத்திருக்கிறதே, அதற்காக.

‘இலியட்’டில் ஒலிம்பஸின் வாசலுக்கு மேகமே கதவு. பருவங்களின் தேவதைகள் அதைத் திறந்து மூடுகிறார்கள். கவிதை என்று தள்ளிவிடாதீர்கள், வேலை நடக்கும் முறை ஏறக்குறைய அதேதான். காலையில் வானம் கண்ணாடியாக இருக்கும். வெயில் ஏற ஏற, தெர்மாய்க்கோஸ் வளைகுடாவின் ஈரக்காற்று செங்குத்தான கிழக்குச் சரிவில் மோதி மேலே ஏறும். ஏறும் காற்று குளிரும். குளிர்ந்தால் ஈரம் மேகமாகும். மதியத்துக்குள் சிகரங்களைச் சுற்றிப் பஞ்சுச் சுவர் எழும்பிவிடும். கோடைப் பிற்பகலில் அதுவே இடியும் மின்னலுமாக முடிவதும் உண்டு. ஜீயஸுக்கு மின்னலை ஆயுதமாகக் கொடுத்தவர்கள் இந்த மலையின் பிற்பகலை நேரில் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஹோமரிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ‘ஒடிசி’யில் ஒலிம்பஸைப் பற்றி ஒரு வானிலை அறிக்கை தருகிறார்: அங்கே காற்று உலுக்காது, மழை நனைக்காது, பனி அணுகாது. ஐயா, மே மாதக் கடைசியிலும் உச்சிப் பிளவுகளில் பனி கிடக்கிறது! காற்று அடிக்கிற அடியில் தொப்பி மட்டுமல்ல, சமயத்தில் ஆளே ஓரடி நகர்கிறார். பெரிய கவிஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலே ஏறிப் பார்த்து எழுதவில்லை என்று கழுதைகூடச் சொல்லிவிடும்.

வெறுங்காலோடு ஒரு வேட்டைக்காரர்

இவ்வளவு புகழ்பெற்ற வீட்டின் மொட்டைமாடியில் மனிதர்கள் முதன்முதலாகக் கால் வைத்ததாகப் பதிவான நாள் எது தெரியுமா? ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் 1786இலேயே ஏறப்பட்டுவிட்டது. அதைவிட ஏறத்தாழ 1,900 மீட்டர் குறைவான மிட்டிகாஸுக்கு மனிதர் வந்து சேர்ந்தது 1913 ஆகஸ்ட் 2 அன்று!

முயற்சி இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கப் பயணங்களால் பெயர்பெற்ற ஜெர்மானியர் ஹைன்ரிக் பார்ட் 1862இல் வந்து, உச்சியைத் தொடாமல் திரும்பினார். மலை அப்போது உஸ்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கொள்ளையர்களுக்குப் பாறை இடுக்குகள்தான் கோட்டை. 1911இல் எட்வர்ட் ரிக்டர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வந்தபோது, காவலுக்கு வந்த வீரர்களைக் கொன்றுவிட்டு அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். அப்புறம் யாருக்கு வரும் தைரியம்?

1912இல் பால்கன் போர். லிட்டோகோரோ கிரேக்கத்தோடு சேர்ந்தது. அடுத்த கோடையில் சுவிட்சர்லாந்திலிருந்து இருவர் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஜெனீவாவின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஃபிரடெரிக் புவாசோனாஸ். இன்னொருவர் அவருடைய நண்பரும் எழுத்தாளருமான டேனியல் போ-போவி. வழிகாட்டியாகக் கிடைத்தவர் லிட்டோகோரோவின் காட்டாட்டு வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் காக்காலோஸ்.

இனிமேல்தான் வேடிக்கை! மூவரும் ஏறுகிறார்கள். மூடுபனி. ஓர் உச்சிக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேலே எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகா, வெற்றி! ஓர் அட்டையில் விவரம் எழுதி, சீசாவுக்குள் போட்டு, கல்லுக்கடியில் வைத்துக் கொண்டாடினார்கள். சற்று நேரத்தில் பனி விலகுகிறது. எதிரே, இவர்களைப் பார்த்துக்கொண்டு, இன்னும் உயரமாக ஒரு சிகரம் நிற்கிறது!

அந்த நொடியில் மூவர் முகமும் எப்படி இருந்திருக்கும்? புகைப்படக்காரர் கூடவே இருந்தும் அதை யாரும் படம் எடுத்து வைக்கவில்லையே என்பதுதான் என் ஆறாத வருத்தம்.

சுணங்காமல் இறங்கி, மறுபடி ஏறினார்கள். காக்காலோஸ் வெறுங்காலோடு முன்னே போக, மற்ற இருவரும் பின்னே. அவர் பாதம் பற்றிய பாறைகளில் இன்று நாம் விலையுயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு நடுங்குகிறோம். மேகக் கதவு மூடியதால் ஒரு பொய்ச் சிகரம், திறந்ததால் மெய்ச் சிகரம். சீசா பல ஆண்டுகள் கழித்து யார் கையிலோ கிடைத்தது.

காக்காலோஸ் அதன்பின் ஒலிம்பஸின் அதிகாரப்பூர்வ வழிகாட்டி ஆனார். 1921இல் சுவிஸ் நில அளவையாளர் மார்செல் குர்ஸ் மலையின் வரைபடம் தயாரிக்க வந்தபோதும் இவர்தான் துணை. பக்கத்துச் சிகரமான ஸ்டெஃபானியில் இருவரும் சேர்ந்து முதன்முதலாக ஏறியதும் அந்த ஆண்டுதான். முதுமையிலும் மலையை விடாத அந்த வேட்டைக்காரரின் பெயரைத்தான் 2,650 மீட்டரில் இருக்கும் ஒரு மலைவிடுதி தாங்கி நிற்கிறது.

மொட்டைமாடிக்கு இரண்டு ஏணி

இன்று பெரும்பாலானோர் விடுதியிலிருந்து ஸ்காலா வரை ஏறுகிறார்கள். 2,866 மீட்டர். மரம் முடிந்து, புல் முடிந்து, கால் வைத்தால் சரசரவென்று வழுக்கும் சரளைக்கல் சரிவில் இரண்டரை மணி நேரம். அதுவரை வெறும் நடைதான். அங்கே நின்று மறுபக்கம் எட்டிப் பார்த்தால், அம்மாடி! மலையின் மேற்கு முகம் ஒரேயடியாக இடிந்து விழுந்தாற்போல 500 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. கிரேக்கர்கள் அந்தப் பள்ளத்தைக் கொப்பரை என்றே அழைக்கிறார்கள். கோடையிலும் அதன் அடியில் பனித்திட்டு வெள்ளையாகக் கிடக்கும்.

ஸ்காலாவில் கூட்டம் இரண்டாகப் பிரியும். ‘உச்சிதான் வேண்டும்’ என்பவர்கள் காக்கி ஸ்காலா என்ற பொல்லாத படி வழியாக மிட்டிகாஸுக்குப் போவார்கள். முதலில் இறக்கம், பிறகு ஏற்றம், பாறையில் வழிகாட்டும் வண்ணப் புள்ளிகள், இரண்டு கையும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். மற்றொரு வழி, கீழ்ப்பாதையிலிருந்து நேராக மேலேறும் லூக்கி என்ற பிளவு. அதில் மேலே போகிறவர் ஒரு கல்லை உருட்டினால் கீழே வருகிறவர் தலைக்குத்தான் அது வந்து சேரும். அதனால் ஹெல்மெட் இல்லாமல் இரண்டிலும் போகாதீர்கள். பாறை ஈரமாக இருந்தால் ஹெல்மெட் இருந்தாலும் போகாதீர்கள். இங்கே உயிர் போன கதைகள் பல உண்டு.

‘கையும் காலும் முழுசாக வீடு திரும்பினால் போதும்’ என்பவர்கள் எதிர்ப்பக்கம் திரும்பி, இருபது நிமிடம் போல நடந்தால் ஸ்கோலியோ. உயரம் 2,911 மீட்டர். உச்சியைவிட மூன்று, நான்கு ஆள் உயரம் குறைவு, அவ்வளவுதான்! விடுதிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் ரகசியம் இதில்தான் இருக்கிறது: மிட்டிகாஸையும் ஸ்டெஃபானியையும் சேர்த்து அழகாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்கோலியோவுக்குத்தான் போக வேண்டும். மிட்டிகாஸில் நிற்பவருக்கு மிட்டிகாஸ் தெரியாதே!

உச்சிக்குப் போனவர்களுக்குக் கிடைப்பது என்ன? தகரத்தில் செய்த கிரேக்கக் கொடி, பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம், அடித்துப் பிடித்து நிற்க ஒரு குறுகலான இடம். பன்னிரண்டு கடவுளர்களும் இங்கே வட்ட மேசை போட்டு உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் அவர்கள் எங்கேதான் கூடினார்கள்?

கூடத்தில் ஒலிக்கும் இசை

சிகரங்களுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது மியூஸ்களின் சமவெளி. கலைகளின் தேவதைகளான ஒன்பது மியூஸ்கள் பிறந்ததாகச் சொல்லப்படும் பியேரியா, இன்றும் இந்த மாவட்டத்தின் பெயர். சமவெளியில் நின்றால் எதிரே ஸ்டெஃபானி சாய்மானம் வைத்த நாற்காலிபோல எழுந்து நிற்கும். ‘ஜீயஸின் அரியணை’ என்ற பெயர் அதற்குப் பொருத்தமோ பொருத்தம். காக்காலோஸ் பெயரிலான விடுதியும், 2,700 மீட்டரில் இருக்கும் அப்போஸ்டோலிடிஸ் விடுதியும் இங்கேதான். இவற்றுக்கும் சாமான் கழுதையில்தான் வருகிறது. கோர்ட்சியா என்ற இன்னொரு வழியில் கிளம்பி, பெட்ரோஸ்ட்ரூகா விடுதியைத் தாண்டி, மெல்லிய முகட்டில் நடந்து வர வேண்டும்.

அந்தச் சமவெளியை ஒட்டிய 2,803 மீட்டர் சிகரத்தில் ஒரு சின்னக் கல் கோயில். இறைவாக்கினர் எலியாவுக்குக் கட்டியது. கட்டியவர், கீழே பள்ளத்தாக்கில் பார்த்தோமே, அதே புனித டியோனிசியோஸ். பைபிளில் மழையை நிறுத்தியும் வரவழைத்தும் காட்டி, நெருப்புத் தேரில் வானேறியவர் எலியா. மின்னல்காரர் காலி செய்த மலைக்கு மழைக்காரர் வந்துவிட்டார்! இலாகா அதேதான், அமைச்சர் மட்டும் மாற்றம்.

மின்னல்காரர் காலத்துப் பக்தர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்கோலியோவுக்குத் தெற்கே புனித அந்தோனியார் பெயரிலான சிகரத்தில் 1960களின் தொடக்கத்தில் வானிலை ஆய்வுக்கூட வேலை நடந்தபோது, பழைய வழிபாட்டின் எச்சங்கள் வெளிப்பட்டன: பலி கொடுத்த சாம்பல், பானை ஓடுகள், நாணயங்கள், ஜீயஸ் பெயர் பொறித்த கல்வெட்டுகள். 2,800 மீட்டருக்கு மேலே! அங்கே வரைக்கும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் மிட்டிகாஸை மட்டும் தள்ளி நின்று கும்பிட்டார்கள் போல. வானிலை பார்க்கப் போன இடத்தில் வானிலைக் கடவுளே அகப்பட்டது, இந்த மலை அடித்த நல்ல ஜோக்குகளில் ஒன்று.

தோட்டத்தில் ஒரு கிழவி

இந்த வீட்டுக்குத் தோட்டமும் உண்டு. ஏறத்தாழ 1,700 வகைத் தாவரங்கள். 1938இல் கிரேக்கத்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது இந்த மலையைத்தான். தோட்டத்தின் செல்லப்பிள்ளை யாங்கேயா என்ற சின்னச் செடி. நிழலான பாறை இடுக்கில், வெள்ளி ரோமம் போர்த்திய இலைகள், ஊதாப் பூக்கள். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி. பனியுகங்களுக்கு முன்பு ஐரோப்பா வெப்பமாக இருந்த காலத்தின் மிச்சம். கூடவே இருந்த சொந்தங்களில் பலவும் குளிரில் அழிந்துபோக, இந்த இடுக்கில் பிடித்துக்கொண்டு பிழைத்த கிழவி! பறிக்காதீர்கள். படம் மட்டும் எடுங்கள்.

மேலே ஏற ஏற போஸ்னியப் பைன் மரங்கள் காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும். மின்னல் தாக்கிப் பாதி கருகிய பிறகும் மீதிப் பாதியில் பச்சை விடும் பிடிவாதக்காரர்கள். அவற்றையும் தாண்டினால் பால்கன் ஷாமோவா ஆடுகள். காக்காலோஸ் வேட்டையாடிய இனம். இன்று பாதுகாப்பில் இருப்பதால், செங்குத்துப் பாறையில் நாம் தவழ்ந்து ஏறும் இடத்தில் நின்று, அசை போட்டபடி, நம்மை வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும், காலம் மாறிவிட்டது!

இந்தத் தோட்டத்துக்குள் மனிதரும் குடியிருந்திருக்கிறார். வாசிலிஸ் இதாக்கிசியோஸ் என்ற ஓவியர் மலைக் குகை ஒன்றைத் தன் கூடமாக்கிக்கொண்டு, கோடை கோடையாக வந்து தங்கி ஒலிம்பஸை வரைந்து தள்ளினார். மியூஸ்களின் புகலிடம் என்று குகைக்குப் பெயரும் சூட்டினார். வாடகை இல்லாத வீடு, கடவுளர்கள் அக்கம்பக்கத்தார். ஓவியருக்கு வேறென்ன வேண்டும்!

கிளம்புவதற்கு முன்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். அதற்கு முன்னால் போனால் பிளவுகளில் பனி. தெசலோனிக்கியிலிருந்து ஊர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். முதல் நாள் மதியம் பிரியோனியாவிலிருந்து விடுதிக்கு, மறுநாள் விடியலில் சிகரத்துக்கு, மேகம் மூடும் முன் இறக்கம் என்று திட்டம் போட்டால் எல்லாம் சுகம். ஊற்றில் தண்ணீர் பிடியுங்கள். சட்டைக்கு மேல் போட ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வையுங்கள். உங்கள் குப்பையை நீங்களே கீழே கொண்டு வாருங்கள். கழுதைக்கு ஏற்கெனவே நிறைய வேலை.

கடைசியாக, அடுக்களையிலிருந்து வந்த அறிவுரை. கோடை வார இறுதிகளில் கட்டில்கள் வெகு சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன. ஆகவே மலையைப் பார்த்து வணங்குவதற்கு முன்னால் விடுதிக்குப் போன் போட்டு இடம் சொல்லி வையுங்கள். ஜீயஸ் எத்தனை யுகமானாலும் காத்திருப்பார், கட்டில் காத்திருக்காது!